என்.டி.ஏ. போன நம்ம சேலம் பசங்க: மனசை விட்டுப் போகாத ஒரு காட்சி

முப்படை அதிகாரியாகப் போற பசங்களுக்குப் பயிற்சி தர்ற தேசிய பாதுகாப்பு அகாடமிதான் என்.டி.ஏ. அங்க போன, போக முயற்சி பண்ற நம்ம ஊர்ப் பசங்ககிட்ட நீங்க பார்த்த, மறக்க முடியாத ஒரு காட்சியைச் சொல்லுங்க.

வாழப்பாடி வெள்ளி:
புனே பக்கத்துல கடக்வாஸ்லா, என்.டி.ஏ. நீச்சல் குளம், பத்து மீட்டர் பலகை. முதல் டெர்ம் (ஆறு மாசம் ஒரு டெர்ம்) பசங்க வரிசையா நிக்கிறாங்க. நுனியில் ஒருத்தன் கம்பியை விடமாட்டேங்கிறான், கீழே இருந்து பயிற்சி கொடுக்கற உஸ்தாத் கத்துறார். பக்கத்துல நம்ம வாழப்பாடிப் பையன். மோட்டார் ரூம் மேல இருந்து கிணத்துல குதிச்சே வளர்ந்தவன். ஒரு நொடி யோசிக்காம பாய்ஞ்சான். பாய்ஞ்சதுதான் தப்பு.

கிணத்துக் குதியில முட்டியை மடக்கி, தண்ணி நாலு பக்கமும் தெறிக்கிற மாதிரி விழுவோம். பத்து மீட்டர்ல அது ஆகாது. கீழே வர ஒன்றரை விநாடிகூட ஆகாது, தண்ணியைத் தொடும்போது வேகம் மணிக்கு 50 கி.மீ. மடக்கின தொடை தட்டையா அடி வாங்கும், ரெண்டு நாளைக்கு உட்கார முடியாது. அங்க குதிக்கவே கூடாது, பலகைக்கு வெளியே ஒரு அடி எடுத்து வைக்கணும், அவ்வளவுதான். பார்வை எதிர்ப்பக்கம் நேரா. குனிஞ்சு பார்த்தா உடம்பு முன்னால சாய்ஞ்சு நெஞ்சும் முகமும் அடிபடும். கால் ரெண்டும் ஒட்டி, விரல் நுனி கீழே, கை தொடையோட. மூக்கு வழியா மூச்சை விட்டுக்கிட்டே இறங்கணும்.

இன்னொண்ணு, தலையைத் தூக்கிக்கிட்டே அடிக்கிற கிணத்து நீச்சல். தலை மேலே போனா இடுப்பு கீழே போகும், 25 மீட்டர்லயே மூச்சு வாங்கும். முகத்தைத் தண்ணிக்குள்ள வச்சு, பக்கவாட்டுல திரும்பி மூச்சு எடுக்கறதை, அகாடமி போறதுக்கு முன்னாடியே பழகிக்கணும்.

அடிவாரம் ஓட்டம்:
குதிக்கிறது பெரிய விஷயமே இல்லீங்க அண்ணே. அதை அங்கேயே சொல்லிக் கொடுத்துடுவாங்க. நம்ம ஊர்ப் பசங்க கெட்டுப் போறது காலால.

ஏற்காடு ரோடு, ஞாயித்துக்கிழமை காலையில. பஸ்ல மேல போயிட்டு ஓடியே இறங்குற கூட்டம் ஒண்ணு. கூட்டிட்டு வந்த பயிற்சி மையத்தோட பேரு வேண்டாம். பாதி இறக்கத்துல ஒரு பையன் ஓரச் சுவர்ல உட்கார்ந்து முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால அழுத்தி அழுத்திப் பார்த்துக்கிட்டிருக்கான். அந்த விரல் அழுத்தின இடம்தான் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

ஏறும்போது மூச்சுக்குத்தான் வேலை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுக்கிட்டே பிரேக் பிடிக்குது, தசை சோர்ந்ததும் அடி முழுக்க எலும்புக்குப் போகுது. சுமார் 1500 மீட்டர் உயரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவும் தார் ரோடு. வலி வந்தா விரல் வச்சுப் பாருங்க. உள்பக்க எலும்பு ஓரமா ஒரு சாண் நீளத்துக்குப் பரவலா வலிச்சா ஷின் ஸ்ப்ளின்ட், ஓட்டத்தைக் குறைச்சா பெரும்பாலும் அடங்கிடும். ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மட்டும் சுருக்குன்னா எலும்பு விரிசலா இருக்கலாம். முதல் ரெண்டு மூணு வாரம் எக்ஸ்ரேயில தெரியாமலே போகலாம், எம்.ஆர்.ஐ. காட்டிக் கொடுக்கும். எக்ஸ்ரே நல்லாருக்குன்னு மறுபடி ஓடினா அந்த விரிசல் முறிவாகலாம்.

இதை மறைச்சுக்கிட்டு அகாடமி போனா அங்க பூட்ஸ் போட்டு காங்க்ரீட் மேல குதிகால் அடிச்சு டிரில், அதாவது அணிவகுப்புப் பயிற்சி. வாரக்கணக்கா ஓய்வு, டெஸ்ட் போச்சு, ரெலிகேஷன். கூட வந்தவன் அடுத்த டெர்ம் போவான், இவன் ஆறு மாசம் பின்னால ஜூனியர்களோட நிப்பான். ஆறு டெர்ம் படிப்பு ஏழாகும்.

அதனால ஏத்தத்துல ஓடுங்க, பஸ்ல இறங்குங்க. வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல தூரத்தைக் கூட்டாதீங்க. யு.பி.எஸ்.சி. அறிவிக்கையே கேக்கறது 2.4 கி.மீ. 15 நிமிஷம், தண்டாலும் சிட்-அப்பும் தலா 20, சின்-அப் 8, கயிறு மூணு நாலு மீட்டர், இவ்வளவுதான். பொம்பளப் பிள்ளைங்க 2022-ல இருந்து சேர்றாங்க, 2025 மே 30-ல முதல் 17 பேர் முடிச்சும் வந்தாச்சு. இந்த விரிசல் அவங்களுக்குக் கூடுதலா வருது. இரும்புச்சத்து, வைட்டமின் டி ரெண்டும் பார்த்துட்டு ஓட விடுங்க.

நாகலூர் மிளகு:
மலை மேலயே இருக்கற பசங்க தினமும் இறங்கித்தானே பள்ளிக்கூடம் போறாங்க, அவங்களுக்கு எலும்பு உடைஞ்சா போச்சு? சின்ன வயசுல இருந்து நடந்து பழகின காலும், மூணு மாச கிராஷ் கோர்ஸ் காலும் ஒண்ணில்ல. மலையைக் குத்தம் சொல்லாதீங்க.

அஸ்தம்பட்டி ஆறு:
காது. எழுத்துத் தேர்வுக்கு அப்புறம் நடக்கற நேர்முகத் தேர்வு எஸ்.எஸ்.பி.யில அஞ்சு நாளும் தாண்டி, கான்ஃபரன்ஸ்ல பேர் வாசிச்சு, மெடிக்கல்ல டாக்டர் காதுக்குள்ள லைட் அடிச்சதும் நிமிர்ந்துட்டார். அழுக்கு அடைச்சு செவிப்பறையே தெரியல. தற்காலிகத் தகுதியின்மைன்னு எழுதியாச்சு. பையன் ஹேர்பின்னும் பட்ஸும் போட்டு உள்ளே தள்ளி வச்சிருக்கான். போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ஈ.என்.டி. கிட்ட போங்க. சொட்டு மருந்துல நாலஞ்சு நாள் ஊறவச்சு, உடம்புச் சூட்டுத் தண்ணியில கழுவுவாங்க. தண்ணி சில்லுன்னு இருந்தா தலை சுத்தும்.

பூ மார்க்கெட்:
எல்லாரும் உடம்பு உடம்புங்கறீங்க. எழுத்துத் தேர்வுலயே பெரும்பாலான பேர் நின்னு போறாங்க. கணக்கு 120 கேள்வி, 150 நிமிஷம், ஒண்ணுக்கு 75 விநாடி. தப்புக்கு 0.83 மார்க் போகும். ஜி.ஏ.டி.ங்கற பொதுத்திறன் தாள் 600 மார்க்ல இங்கிலீஷ் மட்டும் 200. கேள்வித்தாள் இங்கிலீஷ், ஹிந்தியில மட்டும்தான். தமிழ் மீடியம் பையன் கணக்கைத் தெரிஞ்சும் கேள்வி புரியாம விடுறான்.

எஸ்.எஸ்.பி. முதல் நாள் பி.பி.டி.டி., படம் பார்த்துக் கதை சொல்ற தேர்வு. மங்கலான படம் 30 விநாடி, எழுத நாலு நிமிஷம், ஒரு நிமிஷத்துல சொல்லணும். அதுக்கப்புறம் குழுவா ஒரே கதைக்கு வரணும்னதும் வ.உ.சி. மார்க்கெட் மல்லி ஏலம் மாதிரி பதினஞ்சு பேரும் ஒண்ணா கத்துவாங்க. தம்மம்பட்டிப் பையன் ஒருத்தன், உடைஞ்ச இங்கிலீஷ்ல, சத்தம் கொஞ்சம் தணிஞ்ச அரை விநாடியில, "படத்துல எத்தனை பேருன்னு முதல்ல முடிவு பண்ணலாம்" அப்படின்னான். எல்லாரும் விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சாங்க. அப்புறம் வயசு, அப்புறம் என்ன நடக்குது. முழுக் கதையையும் திணிக்கப் பார்த்தவன் தொண்டை கட்டிப் போனதுதான் மிச்சம்.

ஓமலூர் காபி:
டிரில் ஸ்கொயர் டெஸ்ட்டை யாருமே சொல்லல. அது தேறாம முதல் டெர்ம்ல வெளியே விடமாட்டாங்க. நிமிஷத்துக்கு 120 காலடி, ஒவ்வொரு காலடியும் 30 அங்குலம், முன்னால வீசற கை தோள் மட்டம் வரைக்கும், முழங்கை மடங்கக் கூடாது. பயத்துல வலது காலோட வலது கையும் சேர்ந்து போயிடும். அப்ப நின்னுடாதீங்க, ஒரு காலடிக்குக் கையை ஒட்டி வச்சிட்டு மறுபடி எடுங்க.

வாழப்பாடி அண்ணே, கம்பியை விடாம நின்னவன் என்ன ஆனான்?

வாழப்பாடி வெள்ளி:
கிணறே பார்க்காதவனாம் அவன். உஸ்தாத் மூணு எண்ணினார். கம்பியை விட்டான், ஒரு அடி எடுத்து வச்சான், ஆணி மாதிரி நேரா இறங்கினான். தண்ணி பெருசா தெறிக்கக்கூட இல்ல.