மறுமொழி: சூழல்தடமா, சுற்றுப்புற அடிச்சுவடா?

வணக்கம்.

> சிங்கப்பூரின் நீர் நிறுவனமான பொதுப் பயனீட்டுக் கழகத்தின் ஆய்வுத் திட்டங்களைப் பற்றிய தமிழ்ச் சுருக்கத்துக்கு
> "சுற்றுப்புற அடிச்சுவடு குறைப்பு" என்று தலைப்பிடலாமா?

ஒரு செயல் சுற்றுச்சூழலில் விட்டுச்செல்லும் பாதிப்பை ஆங்கிலத்தில் environmental footprint என்கிறார்கள். அதற்கு அடிச்சுவடு வேண்டாம் என்பது என் கட்சி, அக்கா. "பெரியவர்களின் அடிச்சுவட்டில் நடப்போம்" என்று பேச்சுப்போட்டி மேடைகளில் கேட்டே வளர்ந்தோம். பின்பற்றச் சொல்லும் சொல்லைக் குறைக்கச் சொன்னால் காது இடறுகிறது. தடம் அப்படியில்லை, யானைத்தடம், வண்டித்தடம் என எதனோடும் ஒட்டும். கரிமத்தடம் ஏற்கெனவே புழங்குகிறது.

சுற்றுப்புறம் நம் ஊர் அமைச்சின் பெயரிலேயே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டு வாசகருக்கு அது அக்கம்பக்கம். சூழல்தடம் என்றால் இரண்டு ஊரிலும் புரியும்.

> நீர் நிறுவனம் என்பதால் "நீர்த்தடம்" போதாதா?

போதாது, தம்பி. 2002இல் ஆர்யன் ஹூக்ஸ்ட்ரா முன்வைத்த நீர்த்தடம், ஒரு பொருளை உண்டாக்க எவ்வளவு நீர் செலவாகிறது என்ற கணக்கு. இங்கே கேள்வி நேர்மாறு: நீரை உண்டாக்க எவ்வளவு மின்சாரம், எவ்வளவு கரிமம், எவ்வளவு கழிவு? இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் அறிக்கையைப் படிப்பவர் குழம்பிவிடுவார்.

அப்புறம், எனக்கு உறுத்துவது "குறைப்பு" என்ற சொல். கழகத்தின் ஆய்வு பெரும்பாலும் எதைக் குறைக்கிறது? சவ்வு வழியாகக் கடல்நீரை நன்னீராக்க இப்போது ஒரு கன மீட்டருக்குச் சுமார் 3.5 கிலோவாட் மணி மின்சாரம் ஆகிறது. அதை 2க்குக் கொண்டுவருவது இலக்கு. மின்புலத்தால் உப்பைப் பிரிப்பது, உயிரணுச் சவ்வைப் பார்த்துச் செய்த சவ்வுகள் என்று பல வழிகளில் முயல்கிறார்கள். வெற்றி பெற்றால் 43 விழுக்காடு மிச்சம், நல்ல செய்திதான்.

ஆனால் சிங்கப்பூரின் நீர்த்தேவை 2065க்குள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று கழகமே சொல்கிறது. கூடுதல் தேவைக்கு மழையை மட்டும் நம்ப முடியாது. சுத்திகரித்த கழிவுநீரான புதுநீரும் கடல்நீரும்தான் கைகொடுக்க வேண்டும். கடல்நீரிலிருந்து எடுக்கும் அளவு இரட்டிப்பானால் இரண்டு தரம் இரண்டு, நான்கு. பழைய 3.5ஐ விட அதிகம்! ஆய்வுக்கூடத்தில் தடம் குறைந்தது, நாட்டுக் கணக்கில் தடம் கூடியது. இரண்டையும் "சூழல்தடக் குறைப்பு" என்றே எழுதினால் எதை நம்புவது?

சிங்கப்பூரின் பொதுத்துறை 2045ஆம் ஆண்டுவாக்கில் நிகரச் சுழிய உமிழ்வை, அதாவது வெளியிடும் கரிமமும் ஈடுகட்டும் கரிமமும் சமமாகும் நிலையை, எட்ட வேண்டும் என்ற இலக்கு இருக்கிறதே, அது இரண்டாவது கணக்கைத்தான் கேட்கிறது. தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021இல் திறந்த 60 மெகாவாட் மிதக்கும் சூரியப் பண்ணையும் அந்தக் கணக்கில்தான் வரும். அது ஒரு கன மீட்டருக்கான மின்செலவைத் துளியும் மாற்றவில்லை. மின்சாரம் வரும் இடத்தை மாற்றியது.

ஆகவே இரண்டு சொல் முன்வைக்கிறேன்: ஒரு கன மீட்டருக்கான கணக்குக்கு அலகுத்தடம், நாட்டுக் கணக்குக்கு மொத்தத்தடம். அலகு என்றதும் சிலருக்குக் கிளியின் மூக்கு நினைவுக்கு வரலாம். வரட்டும், இயற்பியல் பாடநூல் படித்தவர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

---

மறுமொழி: மறுமொழி: சூழல்தடமா, சுற்றுப்புற அடிச்சுவடா?

அண்ணே, சூழல்தடம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். இரண்டாகப் பிரிப்பதும் சரி. ஆனால் "மொத்தம்" என்றால் எவ்வளவு காலத்துக்கு மொத்தம்? ஓர் ஆலையின் ஆயுள் முழுவதற்குமா, ஓர் ஆண்டுக்கா? ஆலை கட்டிய சிமெண்டும் எஃகும் ஆயுள் கணக்கில் சேரும், ஆண்டுக் கணக்கில் பெரும்பாலும் சேராது. அதனால் ஆண்டுத்தடம், ஆயுள்தடம் என்று பிரித்துவிடலாம்.

அலகுத்தடத்தை வைத்துக்கொள்வோம். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் "ஒரு கன மீட்டர் நீருக்கான சூழல்தடம்" என்று விரித்து எழுதிவிட்டால் கிளிக்கு வேலை இல்லை.

சிங்கப்பூரின் மேற்கே துவாஸில் கழிவுநீர்ச் சேற்றையும் உணவுக்கழிவையும் சேர்த்து எரிவாயு எடுக்கப்போகும் திட்டத்தை எந்தத் தலைப்பில் வைப்பது என்பதுதான் எனக்கு இன்னும் தெளிவில்லை. ஒரே வாயு, கழிவுநீரைக் கையாளும் அமைப்பு, உணவுக்கழிவைக் கையாளும் அமைப்பு ஆகிய இரண்டின் கணக்கிலும் வரவு ஆகிவிடக் கூடாதே. அதற்கும் ஒரு சொல் வேண்டும். "இரட்டை வரவு" என்று இப்போதைக்குக் குறித்து வைத்திருக்கிறேன். கணக்காளர்கள் யாராவது திருத்துங்கள்.