மிளகாய்க் கொழுந்து வெளிறுகிறது: யூரியா இடலாமா?

கேள்வி (பாளையங்கோட்டை):
மொட்டை மாடியில் பன்னிரண்டு தொட்டிகளில் மிளகாய் வளர்க்கிறேன். ஆழ்துளைக் கிணற்று நீர்தான் ஊற்றுகிறேன். மாதம் இருமுறை மண்புழு உரமும் இடுகிறேன். ஆயினும் கொழுந்து இலைகள் வெளிறி, நரம்புகள் மட்டும் பச்சை வலையாகத் தெரிகின்றன. யூரியா இடலாமா?

பதில் (அம்பாசமுத்திரம்):
யூரியா வேண்டாம், அம்மா. அது தருவது தழைச்சத்து (நைட்ரஜன்). தழைச்சத்துக் குறைந்தால் செடி அதை முதிர்ந்த இலைகளிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடுவதால், முதலில் பழுப்பவை அடியிலைகளே. இரும்புச்சத்து அவ்வாறு எளிதில் இடம்பெயராது என்பதால் அதன் குறை கொழுந்தில் தெரிகிறது. தொட்டி விளிம்பில் வெள்ளை படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேட்டவர்:
படிந்திருக்கிறது, அண்ணாச்சி. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்கிறது.

பதில் (அம்பாசமுத்திரம்):
அப்படியானால் நீரில் சுண்ணாம்பு மிகுதி. மண்ணின் காரத்தன்மை ஏறும்போது, இரும்பு இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடிவதில்லை. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து, சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் இலைகளில் தெளியுங்கள். பத்து நாள் கழித்து மீண்டும் தெளிக்கலாம். பழைய இலைகளை விட்டுவிட்டுப் புதுத் துளிரின் நிறத்தைக் கவனியுங்கள்.

பதில் (சேரன்மகாதேவி):
அண்ணாச்சி சொல்வது சரி. ஐப்பசி, கார்த்திகை மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவது இதனினும் நல்லது. பஞ்சகவ்யம் தெளிப்பதானால் பத்து லிட்டர் நீருக்கு 300 மில்லி போதும். பூக்கும் பருவத்தில் தழைச்சத்தை மிகுதியாகக் கொடுத்து, இலை மட்டும் தழைத்துப் பூவெல்லாம் உதிர்ந்த செடிகளை என் தோட்டத்திலேயே கண்டு வருந்தியிருக்கிறேன். அப்போது சிறிதளவு மரச்சாம்பல் இடுவோரும் உண்டு, ஆனால் சாம்பலும் காரமே என்பதால் உங்கள் தொட்டிக்கு அது ஆகாது.