வாசலை அடைத்த கார், முனையில் விழும் குப்பை: உங்கள் தெருவில் என்ன நடந்தது?

நங்கநல்லூர்க்காரர்

எங்கள் தெருக்கோடியில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்த நாளென்றால் இரண்டு பக்கமும் கார் நிற்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போன ஆவணியில் ஒரு நாள் காலை ஆறரைக்கு அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகக் கேட்டைத் திறந்தால், நேர் எதிரே ஒரு வெள்ளைக் கார். ஒரு சாண் இடைவெளி இல்லை. ஏழு மணிக்குள் போகாவிட்டால் படுக்கையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

மண்டபத்துக்கு ஓடினேன். கார் எண்ணை மைக்கில் சொல்லச் சொன்னேன். "இருங்க சார், முகூர்த்தம் ஆயிடட்டும்" என்றார் மைக் செட்காரர். கெட்டிமேளம் வரைக்கும் நின்றேன். வேறு வழி? அப்புறம்தான் தெரிந்தது, கார் பெண்ணின் தாய்மாமனுடையது. மனிதர் மணமேடையிலேயே நிற்கிறார்! கையில் சந்தனத்தோடு வந்து, "அஞ்சு நிமிஷம்தானே சார்" என்றபடி காரை எடுத்தார். முப்பத்தைந்து நிமிஷம். அன்று அப்பாவுக்கு மத்தியானம்தான் முறை கிடைத்தது.

கேட்டில் போர்டு மாட்டு, இரண்டு பூந்தொட்டி வை என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். சாலை நமக்குச் சொந்தமில்லை. வீட்டு முன்னால் அனுமதியில்லாமல் 'நோ பார்க்கிங்' போர்டு, தடுப்பு, தொட்டி, மணல்மூட்டை வைத்தால் நடவடிக்கை என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2024-ல் அறிவித்ததும் நினைவிருக்கிறது. அதனால் மண்டப மேலாளரிடமே போய் உட்கார்ந்தேன், மூன்று தடவை. கடைசியில் ஒத்துக்கொண்டது இவ்வளவுதான்: முகூர்த்த நாளில் காவலாளி ஒரு கட்டுச் சீட்டோடு தெருவில் நிற்பார். வண்டி விடுகிறவர் அதில் போன் நம்பரை எழுதிக் கண்ணாடிக்குள் வைக்க வேண்டும். எங்கள் கேட் முன்னால் ஒரு ரப்பர் கோன்.

பலன் பாதிதான். உங்கள் தெருவில் என்ன செய்தீர்கள்?

மதுரை, மாடிவீட்டு அக்கா

எங்களுக்குக் கார் தொல்லை இல்ல, குப்பைத் தொல்லை. முக்குல எங்க காம்பவுண்டுச் சுவரை ஒட்டி யாரு போடுறாங்கன்னே தெரியாது, விடிஞ்சா ஒரு குவியல் கிடக்கும். எல்லாரும் செய்யிறதைத்தான் நாங்களும் செஞ்சோம். பிள்ளையார், மாதா, மக்கா மசூதி படம் போட்ட டைல்ஸ் வாங்கி வரிசையா ஒட்டினோம். குப்பை பத்தடி தள்ளிப் போச்சு, பக்கத்து வீட்டுச் சுவருக்கு. அந்த வீட்டு அண்ணாச்சி ஒரு மாசம் எங்ககூடப் பேசலை.

சரி, யாருதான்னு பாத்துருவோம்னு காலைல அஞ்சு மணிக்கு மாடில உக்காந்தேன். வண்டிய நிப்பாட்டக்கூட மாட்டாங்க. ஓடுற வண்டில இருந்தே பை பறக்கும். அதுல ஒரு பை கிழிஞ்சு உள்ள ஒரு கூரியர் கவர், முகவரியோட. ரெண்டு தெரு தள்ளித்தான். பையைத் தூக்கிக்கிட்டு சாயங்காலம் அந்த வீட்டுக்கே போயிட்டேன். சண்டை போடணும்னுதான் போனேன், மறைக்க என்ன இருக்கு.

கதவத் திறந்தது என் மக வயசுப் பிள்ளை. பையைப் பாத்ததும் அழுதுருச்சு. "அக்கா, நானும் அவரும் அஞ்சரைக்கே வேலைக்குக் கிளம்பிருவோம். குப்பை வண்டி ஒன்பது மணிக்கு வருது. ஒரு வாரம் வீட்டுக்குள்ள வச்சுப் பாத்தேன், புழு வந்துருச்சு"ன்னுச்சு. அதுக்கு நான் என்ன பதில் சொல்ல? இப்ப போகையில ரெண்டு வாளிய எங்க வாசல்ல வச்சிட்டுப் போகுது, பச்சைல ஈரக்குப்பை, நீலத்துல காஞ்சது. வண்டி வர்றப்ப நான் கொடுத்துருவேன். நாப்கினைத் தாள்ல சுத்தித் தனியா வைக்கணும்னு சொல்லிக் கொடுத்தேன். 2016-லயே விதி வந்தாச்சு, ஆனா அதைக் கையால பிரிக்கிற தூய்மைப் பணியாளர் அம்மா படுற பாட்டை நேர்ல பாத்தப்பதான் எனக்கே உறைச்சது.

முக்குல தினமும் கோலம் போடுறேன். கோலத்து மேல போட மனசு வரல போல. ஞாயித்துக்கிழமை நான் எந்திரிக்க நேரமானா அன்னைக்கு ரெண்டு பை கிடக்கும். அது வேற ஆளு. பிடிப்பேன்.

டெலிவரி வண்டி ஓட்டுறவன், சென்னை

நீங்க எல்லாரும் திட்டுற ஆளு நான்தான். கேட்டுக்கு முன்னாடி வண்டிய போட்டுட்டு மேல ஓடுறவன். ஆப்ல நேரம் ஓடிக்கிட்டு இருக்கும், மூணாவது மாடிக்காரர் கீழ வரமாட்டார், லிப்ட் எங்களுக்கு இல்லைம்பாங்க. நிறுத்த எடம் எங்க இருக்கு சொல்லுங்க.

ஒரு நாள் இறங்கி வந்தா ரெண்டு டயர்லயும் காத்தைப் பிடுங்கி விட்டிருந்தாங்க. வீட்டுக்காரர் மாடில நின்னு பாத்துக்கிட்டு இருந்தார். "இனிமே நிறுத்துவியா?"ன்னு கேட்டார். சார், நான் நிறுத்தினது நாலு நிமிஷம். காத்தைப் பிடுங்கினதால பஞ்சர் கடைக்காரர் பம்போட வர்ற வரைக்கும் முக்கால் மணி நேரம் அதே கேட் முன்னாடி வண்டி நின்னுச்சு. அவர் காரை எடுக்க வந்துட்டு, திரும்ப உள்ள போயிட்டார்.

ஆனாலும் தப்பு என்னோடதுதான். இப்ப கேட்டைத் தாண்டி நிறுத்துறேன். டேங்க்ல நம்பர் ஸ்டிக்கர் ஒட்டிருக்கேன். திட்டணும்னா போன் பண்ணித் திட்டலாம்.

வழக்கறிஞர் அலுவலக குமாஸ்தா

காற்றைப் பிடுங்குவது, கண்ணாடியை மடக்குவது, கீறுவது எல்லாம் வேண்டாம். வழக்கு உங்கள் மேல் திரும்பும். தடை உள்ள இடத்தில் நிறுத்தினால் மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் தடவை 500 ரூபாய், அடுத்த தடவை 1,500. தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் இந்தத் தொகை. பிறர் வாசலை மறித்து நிறுத்தக் கூடாதென்பது சாலை விதியிலேயே இருக்கிறது, போர்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும். வண்டி எண்ணும் வீட்டு கேட்டும் தெரியும்படி படம் எடுத்துப் போக்குவரத்துக் காவலுக்கு அனுப்புங்கள்.

நங்கநல்லூர்க்காரர் மூன்று தடவை மண்டபத்துக்கு நடந்தாரே, அது இதைவிட மெதுவான வழி. எங்கள் கட்சிக்காரர்கள் யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது.

குன்னூர் வேன் டிரைவர்

எங்க மலைல கண்ணாடி பாட்டில்தான் பிரச்சினை. காட்டோரம் குடிச்சுட்டு உடைச்சுப் போடுவாங்க. யானை கால்ல குத்தினா சீழ் பிடிச்சு நடக்க முடியாமப் போகும். இதுக்காகத்தான் ஐகோர்ட் சொல்லி, 2022 மே மாசம் நீலகிரிலதான் முதல்ல ஆரம்பிச்சாங்க, பாட்டிலுக்குப் பத்து ரூபா கூட வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் குடுத்தா அந்தப் பத்து ரூபாயைத் தர்றது.

போன சீசன்ல பர்லியாறு ஏறி வர்றப்ப வேன்ல எட்டுப் பசங்க. ஒருத்தன் பாட்டிலை ஜன்னல் வழியா வீசப் போனான். யானைக் கதையெல்லாம் சொன்னேன், சிரிச்சானுங்க. "தம்பி, அது பத்து ரூபா"ன்னேன். கை உள்ள வந்துருச்சு. அப்புறம் வியூ பாயிண்ட்ல மத்தவங்க போட்டதையும் பொறுக்கி எடுத்து வந்து சீட்டுக்கு அடில அடுக்கிட்டானுங்க. ஊட்டி வரைக்கும் வேன் பூரா பிராந்தி வாடை, பின்னாடி ஏறின குடும்பம் என்னையச் சந்தேகமாப் பாத்துச்சு.

ஆனா சிப்ஸ் கவரு அத்தனையும் அங்கயே கிடந்துச்சு. அதுக்குப் பத்து ரூபா யாரும் தரலையே.

சிங்கப்பூரிலிருந்து

இங்கே எல்லாரும் இயல்பாகவே சுத்தமானவர்கள் என்று ஊரில் நினைக்கிறார்கள். முதல் தடவை குப்பை போட்டு நீதிமன்றம் போனாலே 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் உண்டு. 1992-லிருந்து, பொது இடத்தைக் கூட்ட வைக்கும் தண்டனையும் இருக்கிறது. அப்படியிருந்தும் எங்கள் புளோக்கில் மேல்மாடியிலிருந்து சிகரெட் துண்டு விழுகிறது. போன மாதம் காயப்போட்ட என் வேட்டியில் ஓட்டை. எந்த மாடி என்று இன்னும் பிடிபடவில்லை. மதுரை அக்கா இங்கே வந்து ஒரு வாரம் உட்கார்ந்தால் நல்லது.

மதுரை, மாடிவீட்டு அக்கா

டிக்கெட் போடுங்க தம்பி, வர்றேன்.

நங்கநல்லூர்க்காரர்

நேற்றும் முகூர்த்தம். காலையில் கோன் இருந்தது, சிக்கலில்லாமல் கிளம்பினோம். பதினொன்றரைக்கு அப்பாவோடு திரும்பி வந்தால் கோன் ஓரமாகக் கிடக்கிறது, கேட் முன்னால் சிவப்புக் கார் ஒன்று. கண்ணாடிக்குள் சீட்டு, அதில் நம்பர். சொன்னபடி எழுதியிருக்கிறாரே என்று சின்ன சந்தோஷம்தான். போன் செய்தேன். எடுத்தார்.

"பந்தியில உட்கார்ந்துட்டேன் சார். பாயசம் வந்துடுச்சு, ரெண்டே நிமிஷம்."

அப்பா வண்டியில் இருந்தபடியே, "சாப்பிடட்டும் விடு" என்றார். அவருக்குப் பாயசம் கூடாதென்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. காத்திருந்தோம்.