மறு: 'ஸ்லிங்கர் ரிங்' – கவண்வளையமா, இறைவளையமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஜன்னல் ஏசி பொருத்தும் கையேட்டுக்கான சொற்பட்டியல் பதினேழாவது சொல்லில் நின்று நான்கு நாளாகிறது. ஏசியின் வெளிப்பக்க விசிறியில் இருக்கும் 'ஸ்லிங்கர் ரிங்' என்ற வளையத்துக்கு முத்தியால்பேட்டை ஐயா 'கவண்வளையம்' என்று எழுதியிருந்தார். 'தெறிப்பு வளையம்' என்றார் இன்னொருவர். இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. ஏன் என்று சொல்ல என் வீட்டு ஏசியின் கதையைச் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சக்குப்பத்தில் வாடகை வீடு. கத்திரி தொடங்கியதும் மகளுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. ஸ்ப்லிட் ஏசிக்குக் கையில் பணமில்லை. பணம் இருந்தாலும் செம்புக் குழாய்க்குச் சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் விடமாட்டார். ஆகவே யாரோ கழித்துவிட்ட ஒரு டன் ஜன்னல் ஏசியை 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு டன் என்றதும் "ஜன்னல் தாங்குமா?" என்று மாமியார் பதறிவிட்டார். பெட்டியின் எடை ஐம்பது கிலோவைத் தொடாது. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகுவதற்கு எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அந்த வேகத்துக்குத்தான் அந்தப் பெயர், ஏறத்தாழ 3.5 கிலோவாட். (இதற்கும் ஒருநாள் நல்ல சொல் தேட வேண்டும், இப்போது வேண்டாம்.)

வெல்டிங் பட்டறையில் எல் ஆங்கிளில் தாங்கி அடித்து, கடற்காற்றுக்கு ரெட் ஆக்சைடு இரண்டு பூச்சு கொடுத்தேன். மேலே மீந்த இடைவெளிக்குப் பழைய கதவுப் பலகை. வயரிங்கில் மட்டும் மிச்சம் பிடிக்கவில்லை: மெயின் பெட்டியிலிருந்து தனி லைன், 16 ஆம்பியர் பிளக். 'ஜன்னல்' போர்ச்சுகீசியச் சொல்லாயிற்றே, சிலப்பதிகாரத்துக் 'காலதர்' இருக்கிறதே என்று சென்ற வாரம் கேட்டிருந்த நண்பருக்கு: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. அந்த வழியைத்தான் நான் பலகை வைத்து அடைத்திருக்கிறேன். ஜன்னலே இருக்கட்டும்.

ரசமட்டத்தில் குமிழி நட்டநடுவே நிற்கும்படி பெட்டியை உட்காரவைத்துவிட்டுப் பெருமையாகப் படுத்தேன். நள்ளிரவில் தலையணை ஈரம். பெட்டியின் முன்பக்கத்திலிருந்து சுவரோடு நீர் வழிந்துகொண்டிருந்தது. காலையில் வந்து பார்த்த கொத்தனார் "வாட்டம் வைக்காமல் யாராவது வைப்பார்களா?" என்று கேட்டார். பட்டியலில் பதினோராவது சொல்லுக்கு 'சாய்கோணம்' என்று எழுதியவன் நான்தான். அதை அன்றே அடித்துவிட்டு 'வாட்டம்' என்று எழுதினேன். மொட்டை மாடிக்கும் குளியலறைக்கும் நீர் ஓட எதை வைக்கிறார்களோ அதுதான் இங்கேயும். வெளிப்பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தால் போதும்.

வாட்டம் வைத்ததும் வேறொரு வம்பு. நீர் பக்கத்து வீட்டுப் படிக்கட்டில் சொட்டியது. இரவு வைத்த வாளி விடிவதற்குள் நிறைந்தது. அடித்தட்டில் யாரோ டிரில் போட்டு ஓர் ஓட்டை இட்டிருந்தார்கள். நீர் வடிய ஓட்டை நல்லதுதானே என்றுதான் நானும் நினைத்தேன். படிக்கட்டுச் சண்டைக்குப் பயந்து எம்-சீல் வைத்து அதை அடைத்தேன். அன்றிரவு பெட்டிக்குள் சளசளவென்று புதுச் சத்தம். மறுநாள் வெளியே ஏணி போட்டு ஏறி, டார்ச் அடித்துப் பார்த்தேன்.

வெளிப்பக்க விசிறியின் இதழ்களைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் வளையம். அதுதான் ஸ்லிங்கர் ரிங். அதன் கீழ்விளிம்பு அடித்தட்டு நீரில் தோய்ந்தபடி சுழல்கிறது. தோயும் இடத்தில் நீரை அள்ளி, அறையின் வெப்பத்தை வெளியே விடும் குழாய்ச்சுருளின் மேல், கொதிக்கும் அந்த வெளிச்சுருளின் மேல், வாரி அடிக்கிறது. சுருளில் பட்ட நீர் ஆவியாகிறது. சுருளின் சூடு தணிகிறது. மணிக்கு ஒரு லிட்டர் அப்படி முழுதும் ஆவியானால் 670 வாட் அளவுக்கு வெப்பம் போகும். அறையிலிருந்து பிழிந்த ஈரமே பெட்டிக்கு வேலை செய்கிறது. அடித்தட்டில் ஓட்டை போட்டவர் சத்தத்தை நிறுத்தினார், கூடவே இந்த வேலையையும் நிறுத்திவிட்டார்.

ஏணியில் நின்றபோது எனக்குக் கவண் நினைவுக்கு வரவில்லை. குறிஞ்சிப்பாடிப் பக்கம் தாத்தாவின் நிலத்தில் இருவர் எதிரெதிரே நின்று கயிற்றைப் பிடித்து இறைகூடையை வீசுவார்கள். கூடை பள்ளத்தில் தோயும், நிரம்பும், மேலேறி வாய்க்காலில் கொட்டும், மறுபடி தோயும். ஏணியிலிருந்து நான் பார்த்தது அதையேதான். கவண் கல்லை எறிந்தால் அதோடு அதன் வேலை முடிந்தது, ஐயா, அது தோய்வதில்லை. 'தெறிப்பு' என்றால் தானாகச் சிதறுவது. அள்ளும் வேலை அதில் இல்லை. ஆங்கிலத்தில் 'ஸ்லிங்' என்றால் கவண். அந்தச் சொல்லை வெறித்துப் பார்த்தால் கவண் தெரிகிறது, பெட்டியைப் பார்த்தால் இறைகூடை தெரிகிறது. எனவே 'இறைவளையம்' என்று முன்மொழிகிறேன்.

மஞ்சக்குப்பம், கடலூர்

— — —

தம்பிக்கு,

கவணை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பெட்டியைத் திறந்து பார்க்காமல் அகராதியைத் திறந்தது என் பிழை.

ஆனால் 'இறைவளையம்' வேண்டாம். 'இறை' என்றதும் படிப்பவனுக்குக் கிணறா நினைவுக்கு வரும், கடவுளா? சாமி படத்தில் தலைக்குப் பின்னால் போடும் ஒளிவட்டம் என்றே என் மனைவி நினைத்தாள். ஏசிக்குள் அது எங்கே இருக்கிறது என்றும் கேட்டாள். அரசுக்குக் கட்டும் வரிக்கும் இறை என்று பெயர் உண்டு; மின்கட்டணம் கட்டுகிறவர்கள் அதையும் நினைக்கலாம்.

இன்னொரு ஐயம். கடலை ஒட்டிய நம் ஊர்களில் ஈரம் கொட்டுகிறது. வடக்கே மே மாதத்து வறண்ட காற்றில் அடித்தட்டில் நீரே சேராது. வளையம் வெறுமனே சுழலும். இறைக்காத ஒன்றை இறைப்பது என்று அழைக்கலாமா?

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

— — —

ஐயா,

உங்கள் வீட்டு அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் கேட்ட கேள்வியில் என் சொல் விழுந்துவிட்டது. ஒளிவட்டம் என்று ஒருமுறை படித்துவிட்டேன். இனி எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

இரண்டாவது ஐயத்துக்கு மட்டும் விடை உண்டு. கோடையில் கிணறு வற்றி இறைகூடை பரணில் கிடந்தாலும் அதை இறைகூடை என்றுதான் சொல்வார்கள்.

'நீரிறை வளையம்' என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நிற்கவில்லை. பிறகு 'இறைப்பு வளையம்'. ஒற்றை 'ப்பு' சேர்ந்ததும் சாமி விலகிக்கொள்கிறார், கிணறு வந்துவிடுகிறது. நேற்று திருப்பாதிரிப்புலியூரில் ஏசி பழுது பார்க்கும் கடையில் சொல்லிப் பார்த்தேன். மெக்கானிக் கைத்துணியால் விரலைத் துடைத்துக்கொண்டே, "ஆமாம், தண்ணீர் இறைக்கும் ரிங்தானே?" என்றார். அரை மணி நேரம் கழித்து உள்ளே இருந்த பையனிடம் "அந்த இறைப்பு ரிங்கைப் பார், உடைந்திருக்கிறதா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. வளையத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை, இறைப்பை எடுத்துக்கொண்டார். எனக்கு அது போதும்.

பட்டியலில் பதினேழாவது வரியில் 'இறைப்பு வளையம்' என்றும், அடியில் "அடித்தட்டில் ஓட்டை போடாதீர்கள்" என்றும் சேர்த்துவிட்டேன். பதினெட்டாவது 'டன்'. அதற்கு மாமியாரையும் கேட்டுக்கொண்டு வருகிறேன்.