ப்ரீ-லூப் பிரஷர் ஏறவில்லை, வழி சொல்லுங்கள்

நண்பர்களே, 16 சிலிண்டர் ஜெனரேட்டர் டீசல் எஞ்சின், 20 நாளாக நிற்கிறது. ஸ்டார்ட் செய்யுமுன் மின்சார ப்ரீ-லூப் பம்பை (முன்கூட்டியே ஆயில் ஏற்றும் பம்ப்) ஓட்டினால் கேலரியில் (எஞ்சினின் முக்கிய ஆயில் பாதையில்) 0.2 பார்தான் காட்டுகிறது, வழக்கமாக 0.6 வரும். ஆயிலை 40 டிகிரிக்குச் சூடேற்றியும் அதே கதை.

இண்டிகேட்டர் காக்குகளை (சிலிண்டர் மேலுள்ள சிறு குழாய்த் திறப்புகளை) திறந்துவைத்து, எஞ்சினை மெதுவாகச் சுழற்றும் டர்னிங் கியரில் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தாயிற்று. சிலிண்டர் வால்வைத் திறக்கும் கடைசி ராக்கர் ஆர்மின் எண்ணெய்த் துளை உலர்ந்தே கிடக்கிறது, ஒரு சொட்டுகூட எட்டவில்லை. ஃபில்டர் புதிது, சக்‌ஷனில் காற்றும் இழுக்கவில்லை.

மெயின் பம்ப் லைனின் நான்-ரிட்டர்ன் வால்வு (ஆயிலை ஒரே திசையில் மட்டும் விடுவது) சரியாக உட்காராமல், ஆயில் அந்தப் பம்ப் வழியே அடித்தொட்டியான சம்புக்கே திரும்புகிறதோ என்று சந்தேகம். வால்வைக் கழற்றாமல் இதை உறுதிசெய்ய முடியுமா? ப்ரீ-லூப் பம்பை நெடுநேரம் ஓட்டவும் தயக்கம். டர்போசார்ஜர் சீலைத் தாண்டி ஆயில் கசியும். பிரஷர் வராமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யப்போவதில்லை, பேரிங் போய்விடும்.