மறுமொழி: ‘ஹை ரேஷியோ’வுக்கு ‘உயர்விகிதம்’ சரிதானா?

> ‘ஹை ரேஷியோ டிஃபரன்ஷியல்’ = ‘உயர்விகித வேறுபாட்டுப் பல்லிணை’. இதில் என்ன குழப்பம்?

நண்பர்களே,

பழைய காரில் எஞ்சின் மாற்றுகிறவர்களுக்கான வழிகாட்டிக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். குழப்பம் இருக்கிறது. பல்லிணை (கியர்), பல்லிணைப்பெட்டி (கியர்பாக்ஸ்) இரண்டோடும் எனக்குச் சண்டை இல்லை. ‘உயர்விகிதம்’தான் உதைக்கிறது.

மோரிஸ் மைனர் என்ற பழைய காரை எடுத்துக்கொள்வோம். எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொடுப்பது டிஃபரன்ஷியல். 1956-இல் வந்த 948 சிசி வண்டியில் அதிலுள்ள பினியனுக்கு (சிறிய பல்சக்கரம்) 9 பல், அது சுழற்றும் கிரவுன் வீலுக்கு (பெரியது) 41. வகுத்தால் 4.555; கிரவுன் ஒருமுறை சுற்ற, பினியன் அத்தனை முறை சுற்ற வேண்டும். 1962-இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோது அது 9-க்கு 38 ஆயிற்று, அதாவது 4.222. இங்கிலாந்தில் வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டு, எம்ஜி மிட்ஜெட் காரில் கழற்றிய 1275 சிசி எஞ்சினை மைனரில் ஏற்றுகிறவர்கள் நிறைய. எல்லாம் ஒரே ஏ-சீரிஸ் எஞ்சின் குடும்பம் என்பதால் எஞ்சின் உட்கார்ந்துவிடும். தலைவலி அதற்கப்புறம்தான். எஞ்சினுக்குத் தெம்பு கூடிவிட்டது, பின்னால் இருப்பதோ பழைய 4.555 பல். நேர் கியரில் (டாப் கியர்) 100 கி.மீ. வேகத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 4,100 சுற்று. காதைப் பொத்திக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். அதே மிட்ஜெட்டின் 10-க்கு 39 பல் கொண்ட ஜோடியைப் போட்டால் 3.9. அப்போது சுமார் 3,500 சுற்று போதும்.

இப்போது பாருங்கள். ஆங்கிலப் பட்டறையில் ‘ஹை’ என்பது இந்த 3.9, ‘லோ’ என்பது 4.555. நாம் ‘உயர்விகிதம் வாங்கு’ என்று எழுதினால், படிக்கிற பையன் எண்ணைப் பார்த்து 4.555-ஐத் தூக்கி வருவான். கணக்குப்படி அவன் செய்தது சரி. தப்பு நம் சொல்லில்.

நம் டிரைவர்கள் விகிதமே பேசுவதில்லை. ‘இழுவை இருக்கு, ஓட்டம் இல்ல’ என்பார்கள். இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? ஆகவே என் முன்மொழிவு: 4.555 இழுவைப் பல்லிணை, 3.9 ஓட்டப் பல்லிணை. எண் மறந்தாலும் பொருள் மறக்காது. 948 சிசி வண்டியில் ஓட்டப் பல்லிணை போட்டால் மேட்டில் திணறும் என்பதும் சொல்லிலேயே தெரிந்துவிடும்.

மேலே வகுத்துப் பார்த்த இந்த எண்ணின் ஆங்கிலப் பெயரான ‘ஃபைனல் டிரைவ் ரேஷியோ’வுக்கு இங்கே வந்த ‘கடைப்பல் விகிதம்’ வேண்டாம். பல் டாக்டரிடம் போகத் தோன்றுகிறது. ‘ஈற்றுப்பல்’ இன்னும் மோசம், ஈறும் சேர்ந்துகொள்கிறது! ‘அச்சுப்பல் விகிதம்’ என்று வைத்துக்கொண்டால் என்ன? மாட்டுவண்டிக் காலத்திலிருந்தே சக்கரம் சுழல்வது அச்சில்தானே.

*

> ஆகவே என் முன்மொழிவு: 4.555 இழுவைப் பல்லிணை

இரண்டு தடைகள். இலங்கையில் பௌதிகம் படித்த எங்களுக்கு ‘இழுவை’ என்றால் கயிற்றில் உள்ள இழுவிசை. பிள்ளைகள் தடுமாறுவார்கள். இரண்டாவது, 1959-இல் வந்த மினி காரில் எஞ்சின் சுழற்றுவது முன்சக்கரங்களை. அங்கே அச்சு எங்கே?

மற்றபடி ‘ஓட்டப் பல்லிணை’ எனக்குப் பிடித்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர் ஓட்டிய எங்கள் பெரியப்பாவுக்கும் விளங்கியிருக்கும்.

*

முதல் தடைக்கு: கயிறு இழுப்பதும் வண்டி இழுப்பதும் ஒரே வேர்தான். பக்கத்தில் ‘பல்லிணை’ நிற்கும்போது யாரும் கயிற்றைத் தேட மாட்டார்கள். இரண்டாவதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். மினியில் குறுக்கே ஒரே அச்சாகக் கிடக்காது, பக்கத்துக்கொரு தண்டு. ஆனால் ‘பின்னச்சு’ என்று நான் சொல்லவில்லையே! சக்கரத்தைச் சுழற்றும் தண்டு எதுவானாலும் அச்சு என்று வைத்துக்கொண்டால் மினிக்கும் பொருந்தும்.

சரி, சொற்களை வாக்கியத்தில் போட்டுப் பார்க்கிறேன். வழிகாட்டியில் வரப்போகும் பத்தி இது:

‘எஞ்சினை மாற்றியபின் அச்சுப்பல் விகிதத்தை 4.555-இலிருந்து 3.9-க்குக் கொண்டுவந்து, வண்டியை ஓட்டப் பக்கம் நகர்த்துங்கள். கிரவுனையும் பினியனையும் தனித்தனியாக வாங்காதீர்கள். ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய ஜோடியாகவே வேண்டும். இல்லாவிட்டால் ஊளையிடும். வேகமானியின் கம்பி கியர்பாக்ஸிலிருந்து வருவதால், அதையும் திருத்தும்வரை முள் குறைத்தே காட்டும்: 86 என்று காட்டும்போது நீங்கள் உண்மையில் 100-இல் போய்க்கொண்டிருப்பீர்கள்.’

இதைப் படித்த பிறகும் 4.555-ஐ வாங்கி வருகிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வேறு சொல் பார்ப்போம்.