காலையில் பார்த்தால் வண்டி ஒரு பக்கம் படுத்திருந்தது

நொய்யல்கரை:

இந்தப் பழைய சொகுசு வண்டியை வாங்கி மூன்று வருடம் ஆகிறது. இன்னும் காலையில் வாசல் கதவைத் திறந்தால் முதலில் கண் போவது இடது முன்சக்கரத்துக்குத்தான். எங்காவது கொட்டித் தீர்க்கலாம் என்று இந்த மன்றத்தில் எழுதுகிறேன். உங்கள் வண்டிக் கதையையும் சொல்லுங்கள்.

டெல்லி வண்டி. ஏழு வருடம் ஓடிய ஜெர்மன் எஸ்யூவி, டீசல், ஏழு சீட்டு. அங்கே பத்து வருடம் தாண்டிய டீசலுக்கு 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டதிலிருந்து இந்த வண்டிகள் எந்த விலைக்கு இறங்கி வந்தன என்று உங்களுக்கே தெரியும். தடையில்லாச் சான்று (என்ஓசி), மறுபதிவு, நம் ஊர் ஆயுள் வரி எல்லாம் கட்டியும் புது இன்னோவாவை விடக் குறைவாகத்தான் முடிந்தது. திருப்பூரில் எங்கள் தெருவில் அதுதான் பெரிய வண்டி. பெருமை கொஞ்சம் இருந்தது, மறைக்கவில்லை.

வாங்கி நாற்பது நாள் இருக்கும். மச்சினிச்சிக்குக் காங்கேயத்தில் நிச்சயதார்த்தம். மாமனார் முந்தின இரவே வந்து எங்களோடு தங்கிவிட்டார், "பெரிய வண்டியில போயிறலாம்" என்று. விடியற்காலை ஐந்தரைக்கு வாசலிலிருந்து கூப்பிடுகிறார்: "மாப்பிள்ளை, இங்க வாங்க. வண்டி மாடாட்டம் படுத்துக்கிச்சு."

போய்ப் பார்த்தால் நிஜமாகவே அப்படித்தான். இடது முன்னங்காலை மடக்கிக்கொண்டு, மூஞ்சியைத் தரையில் வைத்து. டயரின் மேல்பாதி உள்ளே போய்விட்டது. ஸ்பிரிங்குக்குப் பதில் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் காற்றுப் பை கசிந்து இரவெல்லாம் காற்று இறங்கியிருக்கிறது. ஸ்டார்ட் செய்தேன். பைக்குள் காற்றடைக்கும் கம்ப்ரஸர் உர்ர்ரென்று இரண்டு நிமிடம் முயற்சி செய்தது, நின்றது. பை கசிந்தால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடிச் சூடாகி அதுவும் சாகும் என்பது அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது.

மாமனார் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, "ஒரு டெம்போ டிராவலர் அனுப்புப்பா" என்றார். அந்த "அனுப்புப்பா" இன்னும் காதில் இருக்கிறது.

ஒரு காலுக்கு 1 லட்சத்து 60 ஆயிரம், கம்ப்ரஸர் தனி. வண்டியே இல்லாமல் நிச்சயதார்த்தம் முடிந்தது.

வேளச்சேரி மீன்:

உங்களுக்குக் காற்று, எனக்குத் தண்ணீர்.

2015 டிசம்பர் 1, சென்னை வெள்ளத்து இரவு. அடித்தள பார்க்கிங்கில் தண்ணீர் வருகிறது என்று வாட்ச்மேன் கத்தினார். செடான் வாங்கிப் பதினோரு மாதம். இறங்கி ஓடும்போது முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. சரிவில் ஏற்றிவிடலாம் என்று எடுத்தேன். பாதிச் சரிவில் எதிர்ப்பக்கத்து வண்டி தள்ளிய அலை பானெட் மேல் ஏறியது. இன்ஜின் நின்றது. நின்றது என் தப்பில்லை. நான் மறுபடி பட்டனை அழுத்தினேன்.

ஒரே ஒரு "டக்".

தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. சிலிண்டருக்குள் அது இருக்கும்போது பிஸ்டன் மேலே போனால் கனெக்டிங் ராடுதான் வளையும். பள்ளியில் படித்தது, அன்று இரவு நினைவுக்கு வரவில்லை.

ஆனால் என்னை அரிப்பது அந்த "டக்" இல்லை. இரண்டு வாரம் கழித்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். நல்ல மனிதர், வயதானவர். "வண்டி நின்னதும் திரும்ப ஸ்டார்ட் பண்ணீங்களா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பேனாவை எழுதாமல் பிடித்துக்கொண்டு, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார், திரும்ப ஸ்டார்ட் பண்ணீங்களா?" என்று இன்னொரு தடவை கேட்டார். நான் இன்னும் அழுத்தமாக ஆமாம் என்றேன். எழுதிக்கொண்டார். இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக எடுக்க வேண்டிய சேர்க்கை என் பாலிசியில் இல்லை. நானே மறுபடி ஸ்டார்ட் செய்ததால் வந்த விளைவுச் சேதம் என்று ஒரு வரியில் இன்ஜின் முழுவதும் என் தலையில் விழுந்தது.

அவர் எனக்குக் கதவைத் திறந்து பிடித்திருந்தார் என்று புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது. புரிந்த பிறகும், பொய் சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றுவரை தெரியவில்லை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கைக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தினார்களே, எல்லோரும் சிரித்தீர்களே, அந்த வரிசையில் முதல் பத்தில் நான் இருந்தேன்.

கீழவாசல்:

சின்னக் கதை. மதுரைக்கும் திருச்சிக்கும் நடுவில், துவரங்குறிச்சி பக்கம், இரவு பத்தரை. பள்ளம். டயரில் காற்று சுழியம் என்று திரை சொல்கிறது. ரன் ஃப்ளாட் டயர், காற்று இல்லாமலும் 80 வேகத்தில் 80 கிலோமீட்டர் ஓடும் என்று தெரியும், ஆனாலும் பக்கச் சுவர் கிழிந்திருக்கிறதோ என்று பயம். லாரிக்காரர்களுக்கான பஞ்சர் கடை ஒன்றில் விளக்கு தெரிந்தது. நிறுத்தினேன்.

பையனுக்கு இருபது வயது இருக்கும். "ஸ்டெப்னி எடுங்கண்ணே" என்றான். இல்லை என்றேன். நம்பவில்லை. அவனே டிக்கியைத் திறந்து, தரைப் பலகையைத் தூக்கி, டார்ச் அடித்தான். ஸ்டெப்னி இருக்க வேண்டிய குழியில் பேட்டரி இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு உள்ளே இருந்த அப்பாவைக் கூப்பிட்டு, "யப்பா, இங்க வந்து பாரேன், எழுபது லட்சத்துக்கு வண்டி வாங்கிட்டு ஸ்டெப்னி இல்லாம வந்திருக்காரு" என்றான். அப்பா வந்தார். பக்கத்து டீக்கடையிலிருந்து இன்னும் நாலு பேர் வந்தார்கள்.

டீ வாங்கிக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது.

மோர்மிளகாய்:

நொய்யல்கரை, மன்னிக்கவும், டெல்லி வண்டி என்ற இடத்திலேயே தப்பு ஆரம்பித்துவிட்டது. கீழவாசல், ரன் ஃப்ளாட்டைக் கழற்றிவிட்டுச் சாதாரண டயர் போட்டு, ஒரு மெல்லிய ஸ்பேர் சக்கரம் வாங்கி டிக்கியில் வையுங்கள். வண்டியின் குலுக்கலும் குறையும்.

என் அனுபவம் இரண்டு வரி. போன வருடம் ஒரு பழைய செடானைப் பார்க்கப் போனேன், சீட் பெல்ட்டை முழுசாக இழுத்தேன், கடைசி ஒரு சாணில் வெள்ளத்தில் மூழ்கிய சேற்றுக் கறை இருந்தது, வாங்காமல் வந்துவிட்டேன்.

பழைய சொகுசு வண்டி பார்க்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பெல்ட் இழுத்துப் பார்ப்பது முதல் வேலை. கழுவுகிறவர்கள் சீட்டைக் கழுவுவார்கள், பெல்ட்டின் அடியைக் கழுவ மாட்டார்கள். இரண்டாவது, வண்டியைக் காலையில் போய்ப் பாருங்கள், இன்ஜினைத் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள். ஏர் சஸ்பென்ஷன் என்றால் இரவு முழுக்க நின்ற பிறகு நாலு மூலையிலும் சக்கர நடுவிலிருந்து மேல் வளைவு வரை டேப் வைத்து அளங்கள். ஒரு மூலை மட்டும் குறைந்தால் கசிவு. சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி வரும்.

சன்ரூஃப் உள்ள வண்டியில் மழைநீர் வடியும் குழாய் அடைத்திருந்தால் தண்ணீர் கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கும். சில வண்டிகளில் கம்ப்யூட்டர் பெட்டிகளே சீட்டுக்கு அடியில்தான் இருக்கின்றன. கார்ப்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். கியர்பாக்ஸ் எண்ணெயை ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று கார் கம்பெனி சொல்லும். பல சொகுசு வண்டிகளில் வரும் எட்டு கியர் பெட்டியைச் செய்யும் ஜெட்எஃப் (ZF) கம்பெனியே 80 ஆயிரம் முதல் 1 லட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. யாருடைய ஆயுள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி மாற்றியிருந்தால் புது பேட்டரி வந்ததை வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்தார்களா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் பழைய பேட்டரிக்கு ஏற்றியது போலவே ஏற்றிப் புதியதையும் கெடுக்கும்.

இதெல்லாம் வேண்டாம் என்றால் லெக்ஸஸ் இஎஸ் 300எச் வாங்குங்கள். பெங்களூர் பக்கம் பிடதியில் பாகங்களைப் பூட்டிச் செய்த வண்டி, ஹைப்ரிட், பின்சீட்டில் காலை நீட்டலாம். ஓட்டுகிற சுகம் கொஞ்சம் குறைவு. ஆனால் விடியற்காலை டெம்போ டிராவலர் தேட வேண்டியதில்லை.

வேளச்சேரி மீன்:

வாங்காத வண்டிக்கு இவ்வளவு பெரிய கட்டுரையா அண்ணா? :)

ரேஸ்கோர்ஸ் டிரைவர்:

நான் முதலாளி இல்லை, வண்டி ஓட்டுகிறவன். கோயம்புத்தூர். எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஐயாவுக்கு பிஎஸ் 6 என்கிற புதிய புகை விதிப்படி வந்த டீசல் எஸ்யூவி. வீடு ரேஸ்கோர்ஸ் பகுதி, ஆபீஸ் மூன்று கிலோமீட்டர். காலையில் ஒரு தடவை, மத்தியானம் சாப்பாட்டுக்கு, சாயங்காலம். இன்ஜின் சூடாவதற்குள் இடம் வந்துவிடும். இப்படி ஓட்டினால் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கிற ஃபில்டரில் (டிபிஎஃப்) கரி அடையும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கரி எரிய உள்ளே 600 டிகிரி பக்கம் சூடு வேண்டும், அதற்கு வண்டி நிற்காமல் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். ரேஸ்கோர்ஸைச் சுற்றினால் எரியாது.

அந்த ஃபில்டருக்கான மஞ்சள் எச்சரிக்கை விளக்கு வந்தது. ஐயாவிடம் சொன்னேன். "சர்வீஸ்ல பாத்துக்கலாம்" என்றார். நாலு நாள் சொன்னேன். அதற்கு மேல் விட்டால் விளக்கு சிவப்பாகும், வண்டி வேகம் எடுக்காது, ஃபில்டரை மாற்ற லட்சங்களில் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, கழுவ எடுக்கிற வண்டியை அப்படியே நெடுஞ்சாலையில் நீலாம்பூர் தாண்டி செங்கப்பள்ளி வரை ஓட்டினேன். கியரைக் குறைத்து, இன்ஜின் சுற்று குறையாமல். கருமத்தம்பட்டி தாண்டும்போது விளக்கு அணைந்தது. எவ்வளவு சந்தோஷம் என்றால், ஆளில்லாத வண்டியில் வாய்விட்டுச் சிரித்தேன்.

அப்போதுதான் போன் வந்தது. வண்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று ஐயாவின் போனில் தெரியும் என்பதை நான் மறந்திருந்தேன்.

"எங்க இருக்க?"

சொன்னேன். எதற்கு என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "யாரு கூட போற?" என்றார்.

பதினோரு வருடமாக அவரிடம் ஓட்டுகிறேன். அவர் பெண்ணை எல்கேஜி சேர்த்த நாளில் ஸ்கூலுக்குக் கூட்டிப் போனவன் நான். யாரும் இல்லைங்க ஐயா என்றேன். "சரி, வா" என்று வைத்துவிட்டார்.

அடுத்த மாதம் சர்வீஸில் நானும் கூட இருந்தேன். அட்வைசர் கம்ப்யூட்டரில் பார்த்து, "சார், இந்தத் தேதில ஒரு நல்ல ரன் கிடைச்சிருக்கு, இல்லேன்னா ஃபில்டர் போயிருக்கும், யார் ஓட்டினது?" என்று கேட்டார். ஐயா என்னைப் பார்க்கவில்லை. "நாங்கதான் ஓட்டினோம்" என்றார்.

அவ்வளவுதான். இப்போது மாதம் இரண்டு ஞாயிறு நானே எடுத்துப் போகிறேன், முதல் நாளே தகவல் சொல்லிவிட்டு. அவர் "ம்" என்பார்.

தஞ்சாவூர்த் தட்டு:

இங்கே எல்லோரும் பெரிய கதை. என் வண்டியை எலி சாப்பிட்டது. பானெட்டைத் திறந்தால் இன்ஜின் மூடிக்கு அடியில் தேங்காய்ச் சில்லு, வைக்கோல், ஒரு பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையின் பாதி. ஒயர் கட்டு மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார்கள். அம்மா மட்டும் கொழுக்கட்டையைப் பார்த்துவிட்டு, "வாகனம் அவர் வாகனம்தானேடா" என்றார்.

கீழவாசல்:

ரேஸ்கோர்ஸ் டிரைவர் அண்ணன், அந்த "நாங்கதான்" என்பதில் உங்களையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்.

மோர்மிளகாய்:

அதெல்லாம் சேர்க்கவில்லை. வேலை செய்கிறவரின் அறிவைத் தன் அறிவாகக் காட்டிக்கொண்டார், அவ்வளவுதான். அது போகட்டும், அடிப்படைத் தப்பு மூன்று கிலோமீட்டருக்கு டீசல் வாங்கியது. அந்த ஓட்டத்துக்கு பெட்ரோலோ ஹைப்ரிட்டோ போதும். டீசல் புகையைச் சுத்தப்படுத்துகிற ஆட்ப்ளூ திரவமும் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி. தீர்ந்துபோனால் இத்தனை கிலோமீட்டர்தான் என்று எண்ணிக்கை காட்டும், அது முடிந்து அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

ரேஸ்கோர்ஸ் டிரைவர்:

ஆட்ப்ளூ நான்தான் ஊற்றுகிறேன் சார். அது எப்போதும் நிறைந்தேதான் இருக்கும்.

நொய்யல்கரை:

இரண்டு நாள் இந்தப் பக்கம் வர முடியவில்லை. மோர்மிளகாய் அண்ணா, டெல்லி தப்பு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த வண்டியில் பழனி போய்விட்டு வந்த இரவு, பின்னால் குழந்தைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்க, ஒரு சத்தம் இல்லாமல் தாராபுரம் ரோட்டில் வந்தேனே, அதை லெக்ஸஸ் கணக்கில் எங்கே எழுதுவது?

காற்றுப் பைக்கு, கார் கம்பெனி அல்லாமல் வெளியில் செய்கிற மாற்றுப் பொருள் கிடைத்தது, பாதி விலை. கம்ப்ரஸர் புதுசு. காற்றுப் பையை எடுத்துவிட்டுச் சாதாரண ஸ்பிரிங் போட்டுவிடுங்கள் என்று ஒரு மெக்கானிக் சொன்னார், மனசு வரவில்லை.

மாமனார் இப்போதும் எங்கள் வீட்டுக்கு வந்தால் தங்குகிறார். ஊருக்குப் போகிற பேச்சு வந்தால் முதல் கேள்வி, "மாப்பிள்ளை, டெம்போக்குச் சொல்லிறட்டுங்களா?" கிண்டல் இல்லை, நிஜமான அக்கறையோடுதான் கேட்கிறார்.

டேப் எல்லாம் எனக்கு வேண்டாம் அண்ணா. தினமும் காலையில் டயருக்கும் மேல் வளைவுக்கும் நடுவில் கையை வைத்துப் பார்ப்பேன். நாலு விரல் போக வேண்டும். நேற்று வரை நாலு.

இன்று மூன்றரை. பக்கெட்டில் சோப்பு கரைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.